தன்னைத்தானே நகலெடுத்த முதல் மூலக்கூறு: ஆய்வுக்கூடம் எதுவரை வந்திருக்கிறது?

#1 · மணிமுத்தாறு

வணக்கம். மகளுக்கு உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது எழுந்த கேள்வி இது. ஓபரின், ஹால்டேன் பெயர்கள் வருகின்றன. மில்லரின் மின்பொறிக் குடுவை படத்தோடு வருகிறது. குடுவையில் அமினோ அமிலங்கள் கிடைத்தன என்கிறார்கள். அதற்குப் பிறகு நேராக முதல் செல் வந்துவிடுகிறது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை.

அமினோ அமிலம் எவ்வளவு குவிந்தாலும் குவியல்தான். ஒரு மூலக்கூறு தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கத் தொடங்கிய பிறகுதானே பரிணாமம் என்ற பேச்சுக்கே இடம் வரும்? அது எந்த மூலக்கூறாக இருந்திருக்கும்? அப்படி எதையாவது யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா? வேதியியல் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். கடவுள் உண்டா இல்லையா என்ற பக்கம் இழையைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#2 · கரிமன்

கரிம வேதியியல் என் தொழில். இந்தத் துறையைப் பல காலமாக விடாமல் பின்தொடர்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயின் மாணவராக இருந்தவர் ஸ்டான்லி மில்லர். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நான்கையும் மூடிய கண்ணாடிக் கருவிக்குள் சுற்றவிட்டு மின்பொறி கொடுத்தார். ஒரு வாரத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. கிளைசினும் அலனினும் அதில் இருந்தன. கட்டுரை 1953 மே மாதம் வெளியானது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை வெளியிட்டு அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உயிருக்கான சரக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒரு கட்டுரை சொன்னது, அந்தச் சரக்கு எப்படி நகலாகும் என்று மற்றொன்று கோடிகாட்டியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்கத்தான் எழுபது ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள்.

மில்லர் எடுத்துக்கொண்ட வளிக்கலவையை இன்று பலர் ஏற்பதில்லை. ஆதிப் பூமியில் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும்தான் மிகுதி என்கிறார்கள். ஆனாலும் அந்தச் சோதனை செத்துப்போகவில்லை. மில்லர் 2007-ல் மறைந்தார். அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய குப்பிகளை ஜெஃப்ரி பாடா குழுவினர் நவீனக் கருவிகளில் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எரிமலை போல நீராவியைப் பீய்ச்சும் அமைப்பில் நடந்த சோதனையின் குப்பிகளில் 22 அமினோ அமிலங்கள் இருந்தன.

இனி நகலுக்கு வருவோம். இங்கே அமினோ அமிலத்தை விட்டுவிட்டு, டி.என்.ஏ.வின் உறவான ஆர்.என்.ஏ. என்ற இழை மூலக்கூறின் பக்கம் போக வேண்டும். ஆர்.என்.ஏ. இழையில் அடினினுக்கு எதிரே யுராசில் உட்காரும், குவானினுக்கு எதிரே சைட்டோசின். இந்த நான்கும்தான் அதன் எழுத்துகள். ஓர் இழை இருந்தால் அதுவே அடுத்த இழைக்கு வார்ப்பு. புரதத்துக்கு இப்படி ஒரு பொதுவான விதி கிடையாது. சிக்கல் என்னவென்றால், இன்றைய செல்லில் ஆர்.என்.ஏ.யையும் டி.என்.ஏ.யையும் நகலெடுப்பது புரத நொதி. அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு இருப்பதோ டி.என்.ஏ.யில். எது முதலில் என்று சொல்ல முடியாத நிலை.

இந்த முடிச்சு 1982-ல் தளர்ந்தது. டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியின் ஆர்.என்.ஏ. ஒன்று, எந்தப் புரதமும் இல்லாமல் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது என்று தாமஸ் செக் கண்டார். சிட்னி ஆல்ட்மன் வேறொரு ஆர்.என்.ஏ.யில் இதே திறனைக் காட்டினார். நொதி போல வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது, 1989-ல் நோபலும் வந்தது. தகவலைச் சுமப்பதும் வேலை செய்வதும் ஒரே மூலக்கூறு என்றால் புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் முன்பே ஆர்.என்.ஏ. மட்டும் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கலாமே என்று 1986-ல் வால்டர் கில்பர்ட் எழுதினார். 'ஆர்.என்.ஏ. உலகம்' என்கிறோமே, அது அவர் வைத்த பெயர்.

இதற்கு என் கணக்கில் மிக வலுவான சான்று நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் பெரிய பாகத்தை 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அணு அணுவாகப் படம்பிடித்தது. அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடத்தைச் சுற்றி சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்குப் புரதமே இல்லை, முழுக்க ஆர்.என்.ஏ. எல்லா உயிரிகளின் எல்லாப் புரதங்களையும் இன்றுவரை கோத்துக்கொண்டிருப்பது ஓர் ஆர்.என்.ஏ.! ரைபோசோமின் சிறிய பாகத்தைத் தெளிவாக்கியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ஸ்டைட்ஸ், அடா யோனத், வெங்கி மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

#3 · வடமராட்சி

கரிமன், நல்லாய் விளங்கப்படுத்தியிருக்கிறியள். இதில எங்கட நாட்டு ஆள் ஒருத்தரையும் சேர்க்கவேணும். சிறில் பொன்னம்பெரும, 1923-ல காலியில பிறந்தவர். மெய்யியல் படிச்சது சென்னைப் பல்கலைக்கழகத்தில. பிறகு லண்டனில பெர்னாலிட்டையும் பெர்க்லியில மெல்வின் கால்வினிட்டையும் படிச்சு, நாசாவின்ர ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில வேதிப் பரிணாமத் துறையை நடத்தினவர். 1963-ல கார்ல் சேகனோட சேர்ந்து, புற ஊதா ஒளியில ஏ.டி.பி. உண்டாகும் எண்டு காட்டினவர். உயிரணுவுக்குள்ள சக்தியைக் கொண்டுதிரியிற பொருள் அது.

ஆனால் எனக்குப் பெரிசாய்ப் படுகிறது மர்ச்சிசன் விண்கல் வேலைதான். 1969 செப்ரெம்பர் 28, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில விழுந்த கல். அதுக்குள்ள அமினோ அமிலங்கள் இருக்குதெண்டு பொன்னம்பெருமவும் கூட்டாளிகளும் 1970-ல அறிவிச்சினம். கையால தொட்டவையின்ர வேர்வை ஒட்டியிருக்கும் எண்டு ஆரும் கேட்கலாம். அதுக்கு மறுமொழி கல்லுக்குள்ளேயே இருந்தது. அமினோ அமிலம் இடக்கை, வலக்கை மாதிரி ஒண்டுக்கொண்டு கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவத்தில வரும். உயிரில இருந்து வந்த அமினோ அமிலம் எண்டால் அநேகமாய் இடக்கை வடிவம்தான் இருக்கும். கல்லில இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமன். பூமியில புரதங்களில இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தது. அப்ப அது விண்வெளிச் சரக்குத்தான்.

அதே விண்கல்லில ரைபோஸ் சர்க்கரையும் இருக்குதெண்டு 2019-ல யப்பானியர் கண்டுபிடிச்சவை. பென்னு சிறுகோளில இருந்து 2023-ல நாசா கொண்டுவந்த தூசியில, புரதத்தில வாற 20 அமினோ அமிலங்களில 14-உம், மரபுப் பொருளின்ர ஐந்து காரங்களும் (அடினின், குவானின் மாதிரி எழுத்துகள்) இருக்கிறதாய் 2025 சனவரியில அறிக்கை வந்தது. பொன்னம்பெரும 1994-லயே காலமாகிட்டார். இதைப் பார்க்க அவர் இருந்திருக்கவேணும் எண்டு நினைச்சு மனம் கனத்தது.

#4 · ஐயவினா

படித்தேன், மரியாதையோடு ஒரு மறுப்பு. சரக்கு கிடைத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆர்.என்.ஏ. என்றால் எழுத்துகள் வரிசையாக வர வேண்டும். 100 எழுத்து நீள ஆர்.என்.ஏ. என்றாலே நான்கின் நூறாம் அடுக்கு, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 60 சுழியங்கள் போட்ட அளவுக்கு வரிசைகள் சாத்தியம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலக்கூறு செய்து அடுக்கினாலும் பூமியின் நிறையைப் போல லட்சம் கோடி மடங்கு தாண்டிவிடும். இதில் வேலை செய்கிற ஒரு வரிசை தற்செயலாக வந்தது என்பதை நான் எப்படி ஏற்க வேண்டும்?

#5 · கரிமன்

கணக்கு சரி. கணக்கில் ஒளிந்திருக்கும் அனுமானம்தான் தவறு. வேலை செய்யும் வரிசை ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் அச்சுறுத்தும். எத்தனை வரிசைகள் வேலை செய்யும் என்பதைக் கற்பனையில் ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்தார்கள்.

1993-ல் டேவிட் பார்டெலும் ஜாக் ஷோஸ்டாக்கும் முழுக்கத் தற்போக்கான வரிசைகள் கொண்ட ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை 10-ன் பதினைந்தாம் அடுக்கு அளவில் தயாரித்தார்கள். எடையாகப் பார்த்தால் அது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இரண்டு ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் திறன் இதில் யாருக்காவது இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. ஏறக்குறைய 20 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற வீதத்தில், ஒன்றோடொன்று உறவில்லாத பல வரிசைகள் அந்த வேலையைச் செய்தன. திறன் மந்தம்தான். ஆனால் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் வேகம் பல லட்சம் மடங்கு கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவுத் துளியில் வினையூக்கி ஒளிந்திருக்கிறது என்றால், ஒரு குளத்தின் கரையோரச் சேற்றில் தேடக் கிடைப்பது எவ்வளவு இருந்திருக்கும்?

#6 · ஐயவினா

அளவீட்டை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சோதனையில் பெருக்கியவை இன்றைய உயிரிகளின் புரத நொதிகள், தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். தொடக்கச் சரக்கான நியூக்ளியோடைடைக் கூட ஆய்வுக்கூடத்தில் வாங்கித்தான் போட்டிருப்பார்கள். நியூக்ளியோடைடு தானாக உண்டாகுமா?

#7 · கரிமன்

இந்தக் கேள்வி துறையையே நாற்பது ஆண்டு திணறடித்த கேள்வி. நியூக்ளியோடைடு என்பது காரம், ரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. காரம் ஓரளவு எளிது. அடினின் என்பது ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகள் சேர்ந்த வடிவம், 1960-ல் ஜுவான் ஓரோ அம்மோனியம் சயனைடு கரைசலைச் சூடாக்கியே அதை எடுத்துவிட்டார். சர்க்கரைதான் தொல்லை. ஃபார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரைகள் வரும் என்பது 1861-ல் புட்லெரோவ் காலத்திலிருந்தே தெரியும், ஆனால் ரைபோஸ் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. தேறியதும் நிலைக்காது. 100 டிகிரி வெப்பத்தில் ரைபோஸின் அரை ஆயுள் 73 நிமிடம், 0 டிகிரியில் 44 ஆண்டு என்று 1995-ல் அளந்து சொன்னவர் வேறு யாருமல்ல, அதே மில்லரும் அவருடைய குழுவும். எல்லாவற்றையும் தாண்டி, ரைபோஸையும் சைட்டோசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் அவை சேர்வதே இல்லை.

2009-ல் மான்செஸ்டரில் மேத்யூ பவ்னரும் ஜான் சதர்லாந்தும் வேறு வழியில் போனார்கள். சர்க்கரையைத் தனியாகவும் காரத்தைத் தனியாகவும் செய்து பிறகு சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிட்டார்கள். சயனமைடு, கிளைகோலால்டிஹைடு போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகளைப் பாஸ்பேட் முன்னிலையில் வினைபுரிய விட்டபோது, பாதி சர்க்கரை பாதி காரம் என்று இருக்கும் இடைப்பொருள் ஒன்று வழியாக முழு நியூக்ளியோடைடே வந்து நின்றது. கடைசியில் புற ஊதா ஒளி வேண்டாத பக்கப்பொருட்களைச் சிதைத்தது, வேண்டியதைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. ஆதிப் பூமியில் ஓசோன் படலம் இல்லாததால் புற ஊதாவுக்குப் பஞ்சமே கிடையாது. இந்தக் கட்டுரையைப் படித்த நாளில் எனக்கு உண்டான உற்சாகம் இன்னும் குறையவில்லை.

ஐயவினா, நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளை எப்போது ஊற்ற வேண்டும் என்பதை அங்கே வேதியியலாளர் முடிவு செய்தார். இந்தக் குறையை நோக்கித்தான் அடுத்த வேலைகள் போகின்றன. 2019-ல் மியூனிக்கில் தாமஸ் காரெல் குழு, நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் ஒரே வகைச் சூழலில் ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுக்கும் வழி காட்டியது.

#8 · செங்கழுநீர்

நான் இளநிலை உயிர்வேதியியல் மாணவி. கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் மன்னியுங்கள். பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் முழுப் பாலும் தயிராகி, அந்தத் தயிரே நாளைக்கு உறையாகிறது. அது பாக்டீரியா செய்யும் வேலை, அதாவது உயிர். உயிரே இல்லாத வெறும் வேதிப்பொருள் இப்படித் தன்னையே உறையாக வைத்துத் தன்னைப் பெருக்கிக்கொண்டதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா சார்?

#9 · கரிமன்

பார்த்திருக்கிறார்கள் அம்மா, 1986-லேயே. குந்தர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி ஆறு எழுத்து நீள டி.என்.ஏ. துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் மீது மூன்றெழுத்துத் துண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து அமர்ந்து ஒட்டிக்கொண்டால் அதே ஆறெழுத்து இன்னொரு முறை கிடைக்கும். நொதி கிடையாது, ஒட்டுவதற்கு ஒரு வேதிப்பொருள் மட்டும். வினை நடந்தது. விளைபொருளே வினையூக்கி. 1996-ல் ரெசா காதிரி, 32 அமினோ அமில நீளமுள்ள பெப்டைடு (குட்டிப் புரதம்) ஒன்றும் இதே போலத் தன்னைப் பெருக்கும் என்று காட்டினார். ஆகவே 'புரதத்தால் நகலாகவே முடியாது' என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் கீட்ரோவ்ஸ்கி அளந்த வளர்ச்சி வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. நகல் இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பாகவில்லை. வார்ப்பின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லாமல், அதன் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தது. காரணம், புதிய இழை வார்ப்பை விட்டுப் பிரிய மறுக்கிறது. இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தால் அடுத்த நகலுக்கு வார்ப்பு ஏது? இதன் விளைவு என்ன என்று ஹங்கேரியின் எயர்ஷ் சத்மாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்படி மந்தமாக வளரும் உலகத்தில் வேகமானவன் மெதுவானவனை ஒழிக்க முடியாது. எல்லோரும் தங்கிவிடுவார்கள். எல்லோரும் தங்கினால் இயற்கைத் தேர்வு என்பது நடக்கவே நடக்காது.

இந்தத் தடையை 2009-ல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் டிரேசி லிங்கனும் ஜெரால்டு ஜாய்ஸும் தாண்டினார்கள். இரண்டு ரைபோசைம்கள். முதலாவது, இரண்டாவதின் இரு பாதிகளை ஒட்டி இரண்டாவதை உண்டாக்கும். இரண்டாவது அதே உதவியை முதலாவதுக்குச் செய்யும். சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பானது. பாதித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் முடிவில்லாமல் ஓடியது. புரதம் துளியும் இல்லை. வெவ்வேறு வகைகளைப் போட்டிக்கு விட்டபோது, தொடக்கத்தில் போடாத கலப்பு வகைகள் தோன்றி முன்னிலைக்கு வந்தன.

#10 · மணிமுத்தாறு

அப்படியானால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதானே பொருள்? தன்னை நகலெடுக்கும் மூலக்கூறு கையில் வந்தாயிற்று. இனி அது தானாகவே மேலும் மேலும் சிக்கலாகி உயிராகிவிடாதா?

#11 · கரிமன்

ஆகாது. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நகல் எடுக்கத் தெரிந்துவிட்டால் மேலே ஏறிவிடும் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். சோதனை நேர்மாறாகச் சொன்னது.

1960-களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் சால் ஸ்பீகல்மன் செய்த சோதனை. பாக்டீரியாவைத் தாக்கும் கியூபீட்டா என்ற வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 4,200 எழுத்து நீளம். அதையும் அதை நகலெடுக்கும் நொதியையும் தேவையான நியூக்ளியோடைடுகளையும் சோதனைக் குழாயில் போட்டார். சற்று நேரம் கழித்து அதிலிருந்து ஒரு துளியை அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனார். மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொண்டே வந்தார். அந்த உலகத்தில் ஆர்.என்.ஏ.விடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: சீக்கிரம் நகலாகு. பாக்டீரியாவைத் தேட வேண்டாம், வைரஸின் மேலுறையைச் செய்ய வேண்டாம், நொதியைக்கூடத் தயாரிக்க வேண்டாம், அது குழாயிலேயே இருக்கிறது.

74-ஆவது மாற்றத்தில் பார்த்தபோது அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 விழுக்காட்டை உதறிவிட்டிருந்தது. குட்டையாக இருந்தால் சீக்கிரம் நகலாகலாம், சீக்கிரம் நகலாவது வெல்லும். பின்னர் வந்த சோதனைகளில் இருநூற்றுச் சொச்சம் எழுத்து வரைக்கும் சுருங்கிய வகைகள் கிடைத்தன. நொதி பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி மட்டும் மிச்சம். அந்த ஆர்.என்.ஏ.வால் ஒரு வைரஸைக்கூட உண்டாக்க முடியாது. டார்வின் சொன்ன தேர்வு ஒழுங்காகத்தான் நடந்தது. அது கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வெறுமை.

இதோடு மான்ஃப்ரெட் ஐகென் 1971-ல் வைத்த வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு எழுத்துக்கு ஒரு பிழை விடும் நகலெடுப்பி ஏறக்குறைய நூறு எழுத்துக்கு மேல் தகவலைக் காப்பாற்ற முடியாது, தலைமுறைக்குத் தலைமுறை பிழை பெருகிச் சிதைந்துபோகும். துல்லியமாக நகலெடுக்க வேண்டுமென்றால் பெரிய நொதி வேண்டும். பெரிய நொதிக்கு நீளமான குறிப்பு வேண்டும். நீளமான குறிப்பைக் காப்பாற்றத் துல்லியம் வேண்டும். 2024-ல் சால்க் நிறுவனத்தில் ஜாய்ஸ் குழு இதை ஆர்.என்.ஏ.யை வைத்தே காட்டியது. ஆர்.என்.ஏ.யை நகலெடுக்கும் ரைபோசைம்களில் துல்லியம் குறைந்த ஒன்றைப் பயன்படுத்தியபோது, நகலாகிவந்த சிறு ரைபோசைம் சில சுற்றுகளிலேயே வேலையை மறந்துபோனது. துல்லியம் கூடிய வகையில் அது வேலையைத் தக்கவைத்துக்கொண்டு, மாறவும் செய்தது.

எனவே முதல் நகலெடுப்பி எது என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அது குட்டையாகிச் செத்துப்போகாமல் எது தடுத்தது?

#12 · பாறைமகள்

நிலவியல் படித்தவள் என்ற உரிமையில் உள்ளே வருகிறேன். கரிமன் சார் கேட்ட கடைசிக் கேள்விக்கான பதில் மூலக்கூறுக்குள் இல்லை, பாறைக்குள் இருக்கிறது என்பது என் கட்சி.

2015-ல் மியூனிக்கில் டீட்டர் பிரவுன் குழு செய்த சோதனையைப் பாருங்கள். பாறையின் நுண்துளை போன்ற குறுகிய செங்குத்து இடுக்கு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், நடுவில் மெல்ல நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சூட்டு வேறுபாட்டால் மூலக்கூறுகள் குளிர்ந்த பக்கம் தள்ளப்படும், நீரின் சுழற்சி அவற்றைக் கீழே இறக்கிச் சேர்க்கும். நீளமான இழைக்கு இந்தப் பிடி அதிகம். குட்டை இழை ஓடும் நீரில் அடித்துக்கொண்டு போய்விடும். அதோடு சூடான பக்கம் போகும்போது இரட்டை இழை பிரிகிறது, குளிர்ந்த பக்கம் வந்ததும் மறுபடி நகலாகிறது. கீட்ரோவ்ஸ்கியைத் தடுத்த சிக்கலுக்கும் அங்கேயே மருந்து. அந்த இடுக்கில் நீளமான இழை நிலைத்தது, குட்டையானது அழிந்தது. ஸ்பீகல்மன் கண்ட திசையை ஒரு வெப்ப வேறுபாடு திருப்பிவிட்டது.

இப்படிப்பட்ட துளைகள் நிறைந்த இடம் கடலடியில் இருக்கிறது. 2000 டிசம்பரில் அட்லாண்டிக் நடுமேட்டின் அருகே 'லாஸ்ட் சிட்டி' என்ற வெந்நீர் ஊற்றுப் புலத்தைக் கண்டார்கள். 60 மீட்டர் வரை உயர்ந்த வெள்ளைக் கார்பனேட் கோபுரங்கள். 1977-ல் கலாபகோஸ் அருகே கண்டுபிடித்த ஊற்றுகள் எரிமலைச் சூட்டில் ஓடுபவை. இங்கே நீரின் சூடு 40 முதல் 90 டிகிரி, காரத்தன்மை pH அளவில் 9 முதல் 11 வரை. ஒலிவின் பாறை கடல்நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்குகிறது. ஆதிக் கடல் கார்பன் டைஆக்சைடால் சற்று அமிலமாக இருந்திருக்கும். உள்ளே காரம், வெளியே அமிலம், நடுவில் மெல்லிய கனிமச் சுவர். இன்றைக்கும் ஒவ்வொரு செல்லும் சவ்வின் இருபுறமும் புரோட்டான் வேறுபாட்டை (அமிலப் பக்கம் அதிகம், காரப் பக்கம் குறைவு) வைத்துத்தான் ஏ.டி.பி. செய்கிறது. மைக் ரஸல், பில் மார்ட்டின், நிக் லேன் ஆகியோர் இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான். ஆற்றல் ஓட்டம் முதலில், நகல் பிறகு.

#13 · கரிமன்

பிரவுன் சோதனை நான் மிகவும் மதிக்கும் சோதனை. ஆனால் கடலடிக்கு அதை அப்படியே கொண்டுபோவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நியூக்ளியோடைடுகளைக் கோக்கும் ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே இருக்கும்போது வினை எதிர்த்திசையில்தான் ஓடப் பார்க்கும். சதர்லாந்து வழிக்குப் புற ஊதா ஒளி வேண்டும், அது கடலடிக்கு எட்டாது. நிலத்தின் மேல் உள்ள வெந்நீர்க் குட்டைகளில் கரையோரம் காய்ந்து நனையும். காயும்போது பொருட்கள் செறிவாகும், பிணைப்பு உண்டாகும். டேவிட் டீமர் ரஷ்யாவின் கம்சட்கா எரிமலைக் குட்டைகளுக்கே போய்ப் பார்த்தவர். டார்வினும் 1871-ல் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெதுவெதுப்பான சிறு குளம் என்றுதான் ஊகித்தார்.

குட்டைக்குச் சாதகமாக இன்னொன்று, கொழுப்புக் குமிழிகள். நல்ல தண்ணீரில் கொழுப்பு அமிலங்கள் தாமாகவே சவ்வுக் குமிழிகளாக மடிகின்றன, கடல்நீரின் உப்பில் குலைந்துபோகின்றன. 2003-ல் ஷோஸ்டாக் குழு, மோண்ட்மோரில்லோனைட் களிமண் சேர்த்தால் குமிழி உண்டாகும் வேகம் சுமார் நூறு மடங்கு கூடுகிறது என்று கண்டது. ஆர்.என்.ஏ. துண்டுகள் ஒட்டிய களிமண் துகள்கள் குமிழிக்குள்ளேயே போய் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆர்.என்.ஏ. நகலாக மெக்னீசியம் வேண்டும், மெக்னீசியமோ குமிழியை உடைக்கும் என்று ஒரு சிக்கல் இருந்தது. 2013-ல் கேட்டர்சினா அடமாலாவும் ஷோஸ்டாக்கும் சிட்ரேட் (எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) சேர்த்து இரண்டையும் ஒரே இடத்தில் வாழவைத்தார்கள்.

குமிழி ஏன் முக்கியம் என்றால், பிறர் உழைப்பில் நகலாக மட்டும் தெரிந்த குட்டையான ஒட்டுண்ணி ஆர்.என்.ஏ., தான் இருக்கும் குமிழியைத்தான் கெடுக்கும், பக்கத்துக் குமிழி பிழைக்கும். திறந்த குழாயில் ஒரு ஒட்டுண்ணி போதும், எல்லாம் போய்விடும். ஜப்பானில் இச்சிஹாஷி குழு, எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளுக்குள் ஆர்.என்.ஏ.யை 240 சுற்று நகலாக விட்டது. 2022-ல் வெளியான முடிவு இது: ஒரே ஆர்.என்.ஏ.யில் தொடங்கி, ஒட்டுண்ணிகளும் அவற்றுக்கு ஈடுகொடுத்தவையுமாக ஐந்து வம்சங்கள் பிரிந்து, ஒன்றை ஒன்று சார்ந்து நிலைத்தன. அறைகள் பிரிந்திருந்ததால் சிக்கல் கூடியது.

#14 · ஐயவினா

பிரவுன் பயன்படுத்தியது டி.என்.ஏ.யும் இன்றைய பாக்டீரியாவின் நொதியும். இச்சிஹாஷி குழாயில் புரதம் செய்யும் முழு அமைப்பே இருந்தது. ஒவ்வொரு படியும் தனித்தனியே நடக்கிறது என்பதை இந்த இழை எனக்குக் காட்டிவிட்டது, அதற்கு நன்றி. ஒரே கலத்தில், முடிக்கப்பட்ட நொதி எதையும் கடன் வாங்காமல், தொடர்ந்து நடந்து காட்டினால் ஒழிய என் ஐயம் தீராது. கரிமன் அவர்களே, எதைக் கண்டால் 'வந்துவிட்டது' என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

#15 · கரிமன்

நியாயமான கேள்வி. ஒரு ரைபோசைம் தன் முழு நீளத்தையும், தனக்கு எதிரே இணையாக அமரும் இழையையும், குறுகிய துண்டுகளிலிருந்து தானே நகலெடுக்க வேண்டும். இழைகளைப் பிரிக்க இடையில் ஆய்வாளர் கைவைக்கக் கூடாது. வெப்பமோ உறைபனியோ நனைவதும் காய்வதும் மாறுவதோ அதைச் செய்ய வேண்டும். பல தலைமுறை ஓடிய பிறகும் நீளம் குறையாமல் இருக்க வேண்டும். இதற்கு நெருங்கி வந்தவர்கள் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹோலிகர் குழுவினர். 2011-ல் அவர்களுடைய ரைபோசைம் 95 எழுத்து வரை நகலெடுத்தது. 2013-ல் உறையும் பனிக்குள் வைத்தபோது 206 எழுத்து வரை போனது, அதன் சொந்த நீளத்தையே தாண்டிவிட்டது. ஆனால் எளிதான, வசதியான வார்ப்புகளில்தான் அவ்வளவு தூரம் ஓடியது. நன்றாக மடிந்து வேலை செய்யும் இழையை நகலெடுப்பது கடினம், ரைபோசைம் தானோ அப்படி மடிந்த இழை. அந்த முரணை உடைத்தால் நான் ஒப்புக்கொள்வேன்.

#16 · பாறைமகள்

நான் இன்னும் ஒன்று கேட்பேன் சார். கண்ணாடிக் குழாயிலும் காய்ச்சி வடித்த நீரிலும் செய்யாமல், பாஸ்பேட் உண்மையிலேயே கிடைத்திருக்கக்கூடிய நீரில் செய்து காட்ட வேண்டும். கடல்நீரில் கால்சியம் அதைப் பிடித்து அபடைட் என்ற கனிமமாக அடியில் தள்ளிவிடும் என்பதுதான் பழைய கவலை. கார்பனேட் மிகுந்த உவர் ஏரிகளில் கால்சியம் முதலில் கார்பனேட்டோடு போய்விடுவதால் பாஸ்பேட் கரைந்தே கிடக்கிறது. 2020-ல் ஜோனதன் டோனரும் டேவிட் காட்லிங்கும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சனிக்கோளின் என்சலடஸ் நிலவிலிருந்து பீய்ச்சும் பனித்துகள்களிலும் சோடியம் பாஸ்பேட் இருப்பதை காசினி விண்கலத்தின் தரவுகளில் 2023-ல் கண்டார்கள். அங்குள்ள கடலில் அதன் செறிவு நம் கடலைப் போல நூறு மடங்காவது இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அதாவது அங்கே பாஸ்பேட், காரநீர், பாறையிலிருந்து ஹைட்ரஜன் எல்லாம் இருக்கின்றன, சூரிய ஒளி இல்லை. அங்கே ஒன்றும் நகலாகவில்லை என்று தெரிந்தால் உங்கள் குட்டைக் கட்சிக்கு அது வலு, ஏதாவது நகலாகிறது என்றால் என் கட்சிக்கு.

#17 · செங்கழுநீர்

சிட்ரேட் சோதனையையும் கீட்ரோவ்ஸ்கி சோதனையின் வர்க்கமூலக் கணக்கையும் எங்கள் துறையில் கருத்தரங்காகப் பேச அனுமதி கேட்கப் போகிறேன். கரிமன் சார், மெக்னீசியத்தைச் சிட்ரேட் பிடித்துக்கொண்டால் ஆர்.என்.ஏ. நகலாவது ஏன் நிற்பதில்லை என்பதை மட்டும் விளக்க முடியுமா?

#18 · கரிமன்

மெக்னீசியம் அயனிக்குச் சுற்றிலும் ஆறு பிடிகள் உண்டு. சிட்ரேட் அவற்றில் மூன்றை மட்டும் பிடிக்கிறது. கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து வீழ்படிவாவதைத் தடுக்க அது போதும். மிச்சமுள்ள மூன்று பிடிகளால் ஆர்.என்.ஏ.யின் பாஸ்பேட்டுக்கு உதவ இன்னும் இடம் இருக்கிறது. ஆறையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வைப் போட்டால் நகலும் நின்றுவிடும். ஆதிப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து வரும் என்று கருத்தரங்கில் யாராவது கேட்பார்கள். சிறிய, அமிலத்தன்மை கொண்ட பெப்டைடுகள் இந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பது ஒரு யோசனை. அதையும் தயார் செய்துகொண்டு போ.